பால்புட்டிக்கு மடி

1934ஆம் வருஷம் ஜூலை மாதம் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிஷம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நான் ஏறிய வண்டி நாலு நிமிஷம் தாமதம். அந்த நாலு நிமிஷத்தை ரயில்வேக்காரர்கள் அன்றே மறந்திருப்பார்கள். எனக்கு அப்படி விட முடியவில்லை.

அன்று பத்து மணிக்குத் திருச்சியில் எனக்குப் பரீட்சை. சர்க்கார் குமாஸ்தா உத்தியோகத்துக்கான பரீட்சை. அப்போது நான் அதே ஊரில் ஒரு தானிய மண்டியில் மாதம் இருபத்தெட்டு ரூபாய்க்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். ஆகவே இது ஒரு தடவைதான். இந்தக் கவலை போதாதென்று வீட்டில் மூன்று மாதப் பெண் குழந்தைக்கு வியாழக்கிழமையிலிருந்து வயிற்றுப்போக்கு. மாந்தம் என்று அடுத்த வீட்டு அம்மாள் சொல்லி, வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தாகிவிட்டது. நிற்கவில்லை. பரீட்சை முடிந்த கையோடு டாக்டரிடம் காட்டுவதாக இருந்தோம்.

பரீட்சையில் எனக்குப் பயம் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றில்தான். அதில் பதினைந்து இருபது வரியில் ஒரு பத்தி வரும். தேனீயைப் பற்றியோ, நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றியோ, ஏதாவது உலக விஷயம். அதில் பத்துச் சொற்களுக்கு அடியில் கோடு போட்டிருப்பார்கள். பத்திக்குள்ளேயே துப்புப் பார்த்து அந்தச் சொற்களுக்கு அர்த்தம் எழுத வேண்டும். அகராதி கொண்டுபோகக் கூடாது.

உள்ளே கொண்டுபோக முடியாத அகராதியை வெளியே மட்டும் எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அகராதி பார்த்துப் பழகினால் ஊகிக்கிற கை போய்விடும். விலையும் இரண்டரை ரூபாய். நான் வேறு ஒரு வழி வைத்திருந்தேன். தெரியாத சொல் வந்தால் அதன் மேல் நிற்கக் கூடாது. முதல் தடவை பத்தியை ஓடி முடித்துவிட வேண்டும். இரண்டாம் தடவை அந்தச் சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கிறது, யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்றாம் தடவை அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு, வாக்கியம் இடறாமல் போகிறதா என்று வாசிக்க வேண்டும். இடறாவிட்டால் அந்தச் சொல் நமக்கு வந்துவிட்டது. வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தகர டப்பாவில் போடுவேன். அந்த ஜூலையில் டப்பாவில் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

இதற்குத் துணை, தினம் காலை நான் வேலைக்குப் போகிற அதே வண்டியில் லால்குடியிலிருந்து வருகிற ஒரு சிநேகிதர். விவசாயக் குடும்பம், பாலக்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவரும் அதே பரீட்சைக்குப் படித்தார். பழைய கேள்வித்தாள்கள் விடைகளோடு அவரிடம் இருந்தன. தினம் ஒரு பத்தியை எடுத்து வாசிப்பார். நான் அர்த்தம் சொல்ல வேண்டும். விடையை அவர் கையால் மறைத்துக்கொள்வார். ரொட்டி செய்வதைப் பற்றி ஒரு பத்தியில் ஈஸ்ட் என்று ஒன்று வந்தது. மாவில் கொஞ்சம் கலந்து வைத்தால் மறுநாள் மாவு பொங்கியிருக்கும் என்றது பத்தி. "புளிக்க வைக்கிற சரக்கு, நேத்து மாவை மிச்சம் பிடிச்சு இன்னிக்கு மாவோட கலக்கற மாதிரி" என்றேன். சரியாக இருந்தது. க்ளேசியர் மட்டும் காலை வாரிவிட்டது. மலையிலிருந்து இறங்கி நாளைக்கு இரண்டு மூன்றடி நகருகிற ஆறு என்று போட்டிருந்தது. சித்திரை மாதத்துக் காவேரி போல வற்றிப்போன ஆறு என்றேன்.

"சித்திரையில ஆறு எங்க சாமி நகருது? நாமதான் ஆத்துக்குள்ள நடந்துபோறோம்" என்றார் சிநேகிதர். பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். பனிக்கட்டியால் ஆன ஆறு இருக்கும் என்று மண் சுடுகிற ஊரில் பிறந்தவன் எப்படி ஊகிப்பான்? அன்று டப்பாவில் கொட்டை போடவில்லை.

இப்படிப் பழகிப்போனதால் கண்ணில் படுகிற இங்கிலீஷ் எல்லாம் எனக்குப் பத்தியாகிவிட்டது. ஸ்டேஷன் நோட்டீஸ், மருந்துப் புட்டியின் மேல்தாள், தீப்பெட்டி எதையும் விடமாட்டேன். பிரசவத்துக்குப் பிறகு என் மனைவிக்கு நீண்ட ஜுரம் வந்து, ஜுரம் விட்டபோது பாலும் வற்றிவிட்டிருந்தது. பாலக்கரை டாக்டர் டின்னில் வருகிற பால்பொடியை எழுதிக்கொடுத்தார். எப்படிக் கலப்பது என்று கேட்டேன்.

"உள்ள ஒரு பேப்பர் இருக்கும். இங்கிலீஷ்தான். படிச்சவருதானே, அதுல சொன்னபடி செய்யுங்க" என்றார்.

டின்னைத் திறந்ததும் நான் பொடியைப் பார்க்கவில்லை, பேப்பரைத்தான் எடுத்தேன். பதினெட்டு வரி. தெரியாத சொல் ஒன்றே ஒன்று, ஆனால் மூன்று இடத்தில் வந்தது: ஸ்டெரிலைஸ். என் வழிப்படி மூன்று தடவை வாசித்தேன். புட்டியை ஒவ்வொரு தடவையும் பால் கலப்பதற்கு முன் ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும். செய்த பிறகு குழந்தையின் வாயில் படுகிற இடத்தை யாரும் கையால் தொடக் கூடாது. மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியாக மூடி வைக்க வேண்டும். தவறிப்போய்த் தொட்டுவிட்டால் மறுபடி ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும்.

இதை வாசிக்கிற ஸ்ரீரங்கத்துக்காரன் எவனானாலும் வேறு என்ன நினைப்பான்? குளித்துவிட்டு ஈரத்துணியோடு எடுத்துவைப்பது, பிறர் கை படாமல் தனியாக வைப்பது, பட்டால் மறுபடி முதலிலிருந்து செய்வது. எங்கள் வீட்டில் தளிகை உள்ளில், சமையலறையில், தினம் நடக்கிற காரியம் இது. மூன்று இடத்திலும் மடி என்று போட்டு வாசித்தேன். ஒரு இடத்திலும் இடறவில்லை. வெள்ளைக்காரன் நம் ஆசாரத்தை இத்தனை துல்லியமாக எழுதியிருக்கிறானே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. நானூற்றுப் பதின்மூன்றாவது கொட்டையைப் போட்டேன்.

"புட்டியை மடியா வச்சுக்கணுமாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் புட்டியை வாங்கி ரப்பர்க் காம்பை அமுக்கிப் பார்த்தாள். "கண்ணாடி சரி. இந்த ரப்பர் மடிக்கு ஆகுமோ?"

"ஆகும். பேப்பர்லயே போட்டிருக்கு."

"ரப்பர் மடின்னு சொல்ல அவன் யார்?" என்றாள். பிறகு பேப்பரை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, படம்தான் பார்த்தாள். ஓரத்தில் ஒரு அடுப்பு, அதன் மேல் பாத்திரம், ஆவி. "ஏன்னா, இந்த அடுப்பு எதுக்கு?"

"பொடி கலக்கற வெந்நீருக்கு."

"பாத்திரத்துக்குள்ள என்னமோ நிக்கற மாதிரி இருக்கே?"

"கரண்டியா இருக்கும்" என்றேன். அச்சு அத்தனை மங்கல்.

மறுநாள் முதல் அவள் குறையில்லாமல் செய்தாள். ஜுரத்தில் கிடந்து எழுந்த உடம்பு. வேண்டாம் என்றாலும் கேட்காமல் விடியற்காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்வாள். காவேரியிலிருந்து மடியாக எடுத்து வந்த தீர்த்தத்தில் புட்டியை மூன்று தடவை அலசி, மாடத்தில் தனியாகக் கவிழ்த்து, வெள்ளிக் கிண்ணத்தால் மூடுவாள். அது புதுத் தண்ணீர் வந்திருந்த சமயம். ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் ஒரு விரல்கடை வண்டல் நிற்கும். பொடி கலக்க மட்டும் தண்ணீரைக் காய்ச்சினோம், காய்ச்ச வேண்டும் என்று பேப்பரில் எனக்குத் தெரிந்த சொல்லால் எழுதியிருந்ததால். நாலாம் நாள் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவள் புட்டியை மூன்றுக்குப் பதில் ஐந்து தடவை அலசினாள்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். சிநேகிதர் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து, "குழந்தைக்கு எப்படி சாமி?" என்றார்.

"அப்படியேதான் இருக்கு. அழக்கூடத் தெம்பில்லை."

"சரியாயிடும். மனசை இதுல வைங்க. கடைசியா ஒண்ணு பாத்துருவோம்" என்று ஒரு தாளை விரித்தார்.

யுத்த காலத்து ஆஸ்பத்திரியைப் பற்றிய பத்தி அது. அவர் இங்கிலீஷில் வாசித்துக்கொண்டே போனார். முன்காலத்தில் ரணவைத்தியம் செய்துகொண்டவர்களில் பலர் காயத்தால் சாகாமல் கத்தியில் ஒட்டியிருந்த அழுக்கால் செத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பிறகு கத்திகளையெல்லாம் ஸ்டெரிலைஸ் செய்யும் வழக்கம் வந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க."

"தெரிஞ்ச வார்த்தைதான். மடியா வைக்கிறது."

அவர் தாளிலிருந்து தலையை எடுத்தார். "என்னது?"

"மடி. ஆசாரமா, யாரும் தொடாம எடுத்து வைக்கிறது."

"வயித்தை அறுக்கிற கத்திக்கா? டாக்டரு ஈர வேட்டியோட நின்னு அறுப்பாரா சாமி?" எதிரில் இருந்தவர் சிரித்தார். சிநேகிதர் அடுத்த வரியில் விரலை வைத்தார். "நீங்க அவசரப்படுறீங்க. மேல கேளுங்க. கொதிக்கிற தண்ணிக்குள்ள இருபது நிமிஷம் போட்டு வைப்பாங்க, அந்தச் சூட்டுல ஒரு கிருமி மிஞ்சாதுன்னு இருக்கு. அப்ப அர்த்தம் என்ன?"

வண்டி அப்போது காவேரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. நான் கீழே பார்த்தேன். கரையிலிருந்து கரை வரை செங்கலைக் கரைத்துவிட்ட மாதிரி தண்ணீர். பாத்திரத்துக்குள் நின்றது கரண்டி இல்லை என்று தெரிந்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு புட்டி. அடுத்தது ஒன்பதுக்கு.

"சாமி, என்ன ஆச்சு? இதுக்குப் போயி இப்படி முழிக்கிறீங்க?"

"நான் டவுன்ல இறங்கணும்."

"ஜங்ஷன்ல சாமி பரீட்சை."

"தெரியும். குழந்தையோட புட்டியைக் கொதிக்க வைக்கலைங்காணும். எட்டு நாளா ஆத்துத் தண்ணில அலம்பிக் கொடுத்துண்டிருக்கோம்."

அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிடிபட்டதும் சிரிப்பு போய்விட்டது. என் பேனாவையும் அனுமதிச் சீட்டையும் என் பைக்குள் அவரே திணித்தார். "ஓடுங்க. ஒரு ஜட்காவைப் பிடிச்சுப் போயி, சொல்லிட்டு, அதே ஜட்காவுல வந்துருங்க. பத்துக்குள்ள வந்துரலாம்."

டவுன் ஸ்டேஷனில் இறங்கும்போது எட்டு இருபத்தாறு. நாலு நிமிஷ தாமதம் இல்லாவிட்டால் எட்டு இருபத்திரண்டு. வாசலில் ஒரே ஒரு ஜட்கா நின்றது. வண்டிக்கார பாய் பேரம் பேச வாயெடுக்குமுன் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சிந்தாமணி வரைக்கும் குதிரை நன்றாகப் போயிற்று. பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது. குதிரை தலையைத் திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

"கொஞ்சம் விரட்டுங்கோ பாய்."

"விரட்டினா ஆத்துலதான் சாமி எறங்கும். அதுக்கும் கண்ணுல மண்ணு அடிக்குதுல்ல."

பாலத்தின் தூண்களை எண்ணினேன். பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினேன். ஒன்பதுக்கு அவள் ஒரு நிமிஷம் முன்பின் பார்க்கமாட்டாள். நான்தான் மணி தவறக் கூடாது என்று கண்டித்து வைத்திருந்தேன். பேப்பரில் அதுவும் இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்பது ஆகி ஐந்து நிமிஷம். பாயைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். மனைவி மடிப்புடவையோடு, குழந்தையை மடியில் சாய்த்து, புட்டியை வாயில் வைத்திருந்தாள். குழந்தை குடிக்கவில்லை. காம்பு உதட்டில் பட்டபடி நின்றது. பால் கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது. நான் ரயிலில் போய்வந்த சட்டையோடு கையை நீட்டினேன்.

"தொடாதீங்கோ" என்றாள். "விழுப்பு. மடி போயிடும்."

புட்டியைப் பிடுங்கிவிட்டேன். என் கை அவள் மேலும் பட்டுவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், பரீட்சைப் பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள் என்பது தெரிந்தது.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் மடி இல்லை. புட்டியைத் தண்ணிக்குள்ள போட்டுக் கொதிக்க வைக்கணும். ஆத்துத் தண்ணில இருக்கற கிருமிதான் இவ வயித்துக்குள்ள போயிருக்கு."

அவள் குழந்தையின் வாயைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, "நான் அடுப்புப் படத்தைக் காமிச்சேனே" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

எழுந்து போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்த் தவலைக்குள் புட்டியை அப்படியே போட்டாள். படீர் என்று ஒரு சத்தம். புட்டி நெடுக விரிசல் விட்டுவிட்டது. பச்சைத் தண்ணீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும் என்பதும் அந்தப் பதினெட்டு வரியில் இருந்திருக்கிறது. அந்த வாக்கியத்தையும் நான் பொடி கலக்கும் தண்ணீருக்கு என்று ஒதுக்கிவிட்டிருந்தேன்.

மணி ஒன்பது பதினைந்து. ஜட்கா வாசலில் நின்றது. "நீங்க பரீட்சைக்குப் போங்கோ. நான் டம்ளரை நன்னாக் கொதிக்க வச்சு, பாலாடைச் சங்கால ஊட்டறேன்" என்றாள். போனால் போயிருக்கலாம். குழந்தையைக் கையில் வாங்கினேன். தலையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. கண் பாதி திறந்தபடி என்னைப் பார்க்காமல் இருந்தது. இப்போது இதைக் கொண்டுபோக வேண்டிய இடம் வேறு என்று தெரிந்தது.

மறுபடி பாலம். மறுபடி அதே காற்று. இந்தத் தடவை மனைவி குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். டாக்டர் அன்று காலையில் ஜங்ஷன் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று பாலக்கரையில் சொன்னதால் அங்கே திருப்பினோம். பரீட்சை நடக்கிற கட்டடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நாங்கள் அதைத் தாண்டும்போது மணி அடித்தது. வாசலில் ஒருவரும் இல்லை; எல்லோரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். பியூன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான். நான் பையிலிருந்த அனுமதிச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன், எதற்கு என்று தெரியவில்லை.

டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். தோல் மடிந்தபடி கொஞ்ச நேரம் நின்றது. "புட்டியை எப்படிக் கழுவினீங்க?" என்றார்.

சொன்னேன். மூன்று தடவை, பிறகு ஐந்து தடவை, காவேரித் தீர்த்தத்தில், மடியாக.

"இந்த மாசத்துக் காவேரியிலயா? நீங்க மடியா எடுத்தீங்கன்னு கிருமிக்கு யாரு போயி சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே ஊசியை எடுத்தார். அந்த ஊசியை ஒரு தட்டத்தில் கொதிக்கும் நீரிலிருந்து இடுக்கியால் எடுத்தார். என் மனைவி அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். உப்புநீர் ஏற்றினார்கள். காய்ச்சி ஆறிய நீரில் குளுகோஸ் கலந்து ஸ்பூனால் ஊட்டச் சொன்னார்கள். நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன்; உட்கார முடியவில்லை. வியாழக்கிழமை காலை உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. வீறிட்டு, கட்டடம் அதிர அழுகிற அழுகை. பக்கத்துக் கட்டில்காரர்கள் முகம் சுளித்தார்கள். மனைவி வெளியே எட்டிப் பார்த்து, "அழறா" என்றாள். அந்தச் சொல்லை நான் மூன்று தடவை வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

சிநேகிதர் பரீட்சை தேறி, முசிறித் தாலுகா ஆபீசில் உத்தியோகமாகிப் போய்விட்டார். எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது, மண்டியிலேயே இருந்தேன். ஆடி முடிவதற்குள் ஒரு அகராதி வாங்கினேன். முதலில் அந்தச் சொல்லைத்தான் பார்த்தேன். கிருமி நீக்குதல் என்று இருந்தது. சரி. ஆனால் அந்தப் பேப்பரில் கிருமி என்ற சொல் ஒரு இடத்திலாவது இருந்ததா? இல்லை. நான் பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன். பதினெட்டு வரியை வைத்துக்கொண்டு பார்த்தால் என் அர்த்தம்தான் பொருந்தும் என்று இன்றும் வாதாடுவேன். ஒரே ஒரு பத்தியை நம்பி டப்பாவில் கொட்டையைப் போட்டதுதான் தவறு. அதே சொல் இன்னொரு பத்தியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பால்புட்டியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

தவறான கொட்டையை எடுத்துவிடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஏதோ ஒன்றை எடுத்து எறிந்தேன். பிறகு, இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டதே என்று தேடி எடுத்துவந்து திரும்பப் போட்டேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ரயில் டிக்கெட் இரண்டணா. அதில் பாதி தூரம்தான் போனேன், மீதியைத் திருப்பித் தரமாட்டார்கள். ஜட்காவுக்கு ஒன்றரை ரூபாய். டாக்டருக்கும் மருந்துக்கும் ஐந்து. புதுப் புட்டியும் காம்பும் பதினாலணா. திறந்த டின்னைக் கொட்டிவிடும்படி டாக்டர் சொன்னதால் புது டின் இரண்டேகால். அகராதி இரண்டரை. பன்னிரண்டு ரூபாய் நாலணா ஆகிறது. பரீட்சைக்குக் கட்டிய மூன்று ரூபாயைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு வெகுநாள் தீரவில்லை. யாரும் என்னை இறக்கிவிடவில்லை, நானாகத்தானே இறங்கினேன்.

ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன். அவள் தவலையிலிருந்து புட்டியை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள். குளித்து, மடியாகத்தான் எடுத்தாள். கொதிக்க வைத்த பிறகும் அதை அவள் விடவில்லை.

"சேர்த்துக்கோங்கோ" என்றாள். "அதுவும் இவளுக்காகத்தானே போச்சு."

சேர்த்துக்கொண்டேன். பதினைந்து ரூபாய் நாலணா.